சீருடைக் காலமும் ஓய்வூதியமும்: சிறைச்சாலை உத்தியோகத்தரின் கேள்விகளுக்குப் பதில்கள்

அரச சேவையாளரின் உரிமைகள் பற்றிய இந்தப் பகுதிக்கு ஆசிரியர்களும் தாதியரும் எழுதும் அளவுக்குச் சிறைச்சாலை உத்தியோகத்தர்கள் எழுதுவதில்லை. கடந்த இதழ்களில் ஓய்வூதியம் பற்றி எழுதியதைத் தொடர்ந்து திருகோணமலையிலிருந்து அவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் எழுதிய கடிதங்கள் வந்திருக்கின்றன. மதிலுக்கு உள்ளே நடப்பதை வெளியில் பேசக்கூடாது என்ற பழக்கம் தங்கள் சொந்த உரிமைகளைப் பற்றிக்கூடப் பேசாத பழக்கமாக மாறிவிட்டதோ என்ற கவலை அவற்றைப் படித்தபோது எழுந்தது. ஆகவே இந்த இதழை முழுமையாக அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் 20 வருடங்களுக்கு மேலாகச் சிறைக்காவலராக இருக்கிறார். இரவுக் கடமை முடிந்து வீட்டுக்கு வந்தாலும், ஆள் போதாது என்று மறுபடியும் கூப்பிடுகிறார்கள். சென்ற வருடம் கைதிகளின் சண்டையை விலக்கும்போது அவருடைய வலது தோளில் பலமான அடி விழுந்தது. அன்று தனியார் மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போய்விட்டார். இன்று சட்டைப் பொத்தான் போடுவதற்கும் நான் உதவ வேண்டியிருக்கிறது. இதற்கு ஏதாவது நிவாரணம் உண்டா, ஐயா? (வாசகி, உவர்மலை)

பதில்: நிவாரணம் உண்டு, சகோதரி. ஆனால் அதைப் பெறும் வழி இப்போது சற்றுக் கடினமாகியிருக்கிறது. முதலில் வேலைச்சுமையைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் நாட்டுச் சிறைகளில் அவற்றின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தண்டனை விதிக்கப்படாத விளக்கமறியல் கைதிகள். விளக்கமறியல் சிறைச்சாலை என்றால் உள்ளே காவல் காப்பதோடு வேலை முடிவதில்லை. திருகோணமலை, மூதூர், கந்தளாய் என ஒவ்வொரு நீதிமன்றத் தவணைக்கும் கைதிகளைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும்; நோயாளியானால் வைத்தியசாலைக் கட்டிலருகே இரவு பகலாகக் காவல் இருக்க வேண்டும். இப்படி வெளியே போகும் ஒவ்வொருவரும் உள்ளே ஒரு இடத்தை வெறுமையாக்கிவிட்டே போகிறார். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் உங்கள் கணவரைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறார்கள். 2020 நவம்பரில் மகர சிறைச்சாலையில் வெடித்த கலவரத்தில் 11 கைதிகள் உயிரிழந்தார்கள். நெரிசலும் அச்சமும் நிறைந்த இடத்தில் களைத்துப்போன காவலர்களை நிறுத்துவது கைதிக்கும் ஆபத்து, காவலருக்கும் ஆபத்து. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 20 சிறைச்சாலைகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட அறிக்கையில் உத்தியோகத்தரின் பணிநிலைமைகளையும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கைதியின் நிலையையும் காவலரின் நிலையையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015இல் ஏற்றுக்கொண்ட, நெல்சன் மண்டேலா விதிகள் எனப்படும் கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச நியமங்களின் 74ஆம் விதி, சிறைப் பணியாளருக்கு நிரந்தர அரச ஊழியர் அந்தஸ்தும், தகுதியானவர்களை ஈர்த்து வைத்திருக்கப் போதுமான சம்பளமும், பணியின் கடுமைக்கு ஏற்ற வேலை நிலைமைகளும் நன்மைகளும் இருக்க வேண்டும் என்கிறது. கைதிகளின் உரிமைக்கான ஆவணத்திலேயே காவலரின் சம்பளமும் வேலை நிலைமையும் எழுதப்பட்டிருப்பதை இத்துறையில் உள்ள பலரும் அறிந்திருப்பதில்லை. அதை மேற்கோள் காட்டி மேலதிகாரிக்கு எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை.

இனிக் காயத்துக்கு வருகிறேன். கடமையின்போது ஏற்படும் காயத்துக்கு விசேட விடுமுறையையும் நட்டஈட்டையும், அரச ஊழியரின் சேவை விதிகளைத் தொகுத்த தாபன விதிக்கோவையும் அரச நிர்வாகச் சுற்றறிக்கைகளும் ஏற்பாடு செய்கின்றன. ஆனால் காயம் கடமையின்போது, கடமையின் காரணமாக ஏற்பட்டது என்பதற்கு அன்றைய பதிவு வேண்டும். உங்கள் கணவர் அன்று அரசாங்க வைத்தியசாலைக்குப் போகாததும் மறுநாள் விடுமுறை எடுக்காததும் அவருடைய கடமையுணர்வைக் காட்டுகின்றன. ஆனால் அவருடைய அலுவலகக் கோவையில் (file) அவை எதுவுமே நடக்காதது போன்ற தோற்றத்தைத் தருகின்றன.

ஆனாலும் எல்லாம் கைநழுவிப் போய்விடவில்லை. கைதிகளுக்கிடையில் சண்டை நடந்திருந்தால் அது சிறைச்சாலைப் பதிவேட்டில் கட்டாயம் எழுதப்பட்டிருக்கும். சம்பந்தப்பட்ட கைதிகள்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தால் அதற்கும் பதிவு இருக்கும். அந்தத் திகதியையும் அன்று கடமையில் இருந்த சக உத்தியோகத்தரின் பெயர்களையும் குறிப்பிட்டு, நடந்ததை விவரித்து, அத்தியட்சகருக்கு உங்கள் கணவர் உடனே ஒரு கடிதம் எழுத வேண்டும். தனியார் மருத்துவரிடம் அன்றைய சிகிச்சைக்கான குறிப்பைக் கேட்டு வாங்கி அதனுடன் இணையுங்கள். பதிவேட்டின் பிரதியைத் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். பாதுகாப்புக் காரணம் காட்டிச் சில பகுதிகளை மறைக்க இடமுண்டு என்றாலும், தமக்கு ஏற்பட்ட காயம் பற்றிய பதிவை ஒருவருக்கு மறைப்பதற்கு நியாயமான காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இவற்றோடு, திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் எலும்பியல் கிளினிக்கில் தோளைக் காட்டி, இன்றைய நிலையை எழுத்தில் பெறுங்கள். கை மேலும் மோசமடைந்து வேலை செய்ய இயலாத நிலை வந்தால், வைத்திய சபையின் பரிந்துரையில் ஓய்வுபெறும் வழியும் உண்டு. அப்போது இந்தக் காகிதங்களே அவருக்கு ஆதாரமாக இருக்கும்.

கேள்வி: அடுத்த வருடம் 60 வயது பூர்த்தியாகிறது. 31 வருடச் சேவை. கையில் வரும் சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட மேலதிக நேரமும் படிகளும்தான். பென்ஷன் எதை வைத்துக் கணக்கிடப்படும்? பணம் கைக்கு வர ஒரு வருடம் செல்லும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். (வாசகர், நிலாவெளி)

பதில்: ஓய்வுபெறும் வயது 2022இல் 65 ஆக உயர்த்தப்பட்டு, அதே ஆண்டின் முடிவில் மீண்டும் 60 ஆக்கப்பட்டதால் ஏற்பட்ட குழப்பம் இன்னும் பலரிடம் இருக்கிறது. உங்களுக்கு 60தான்.

அரச ஓய்வூதிய விதிகளைக் கொண்ட ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி, நீங்கள் ஓய்வுபெறும் வேளையில் பெறும் அடிப்படைச் சம்பளத்தையும் உங்கள் சேவைக்கால மாதங்களையும் வைத்து, அட்டவணையிலுள்ள வீதத்தின்படி ஓய்வூதியம் கணிக்கப்படும். குறைந்தது 10 ஆண்டுச் சேவை இருந்தாலே ஓய்வூதியம் உண்டு; 360 மாதங்கள் நிறைந்தவருக்கு முழு வீதம். உங்களுக்கு 31 ஆண்டுகள் இருப்பதால் சம்பளமற்ற விடுமுறை ஏதும் கழிக்கப்பட்டாலும் பெரும்பாலும் 360க்குக் கீழே போகமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மேலதிக நேரக் கொடுப்பனவும் விடுமுறை நாளில் வேலை செய்ததற்கான கொடுப்பனவும் சீருடைப் படியும் கணக்கில் சேராது. சேவையில் உள்ளவரின் வாழ்க்கைச் செலவுப் படி 17,800 ரூபா என்றாலும் ஓய்வூதியருக்கு அதே தொகை கிடைக்காது. அவர்களுக்குத் தனியாக, மிகக் குறைந்த தொகையே வழங்கப்படுகிறது.

இதை நான் மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன். தூக்கம் கெட்ட இரவுகளுக்கெல்லாம் கிடைத்த பணம் ஓய்வுபெறும் நாளில் ஒரு சதமும் மிஞ்சாமல் மறைந்துவிடுகிறது. வேறு திணைக்களத்தில் எட்டு மணி நேரம் வேலை செய்து வீடு திரும்பியவருக்கும் உங்களுக்கும், அடிப்படைச் சம்பளம் ஒன்றென்றால் ஓய்வூதியமும் ஒன்றே. பணியின் கடுமை ஓய்வூதியத்தில் பிரதிபலிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமானது. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, 2027வரை படிப்படியாக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டது. படிகள் எவ்வளவு கூடினாலும் ஓய்வூதியம் அசையாது என்பதால், சிறைச்சாலை உத்தியோகத்தருக்கு இத்தகைய அடிப்படைச் சம்பள உயர்வே அதிகப் பயன் தரும்.

அடிப்படைச் சம்பளமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால், உங்கள் சுயவிவரக் கோவையைத் திறந்து பார்ப்பதே இப்போது முதல் வேலை. தாபனக் கிளையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், ஓய்வூதியம் எங்கே தடைப்படுகிறது என்பதை நான் நன்கு அறிவேன். பெரும்பாலும் அது மாளிகாவத்தையில் உள்ள ஓய்வூதியத் திணைக்களத்தில் தடைப்படுவதில்லை. கோவை அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே, சேவை செய்த நிலையத்தில் தடைப்படுகிறது. சேவை வரலாற்றுத் தாளில் ஒரு வருடத்துச் சம்பள ஏற்றம் எழுதப்படாமல் இருக்கும். வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையில் (efficiency bar) சித்தியடைந்த கடிதம் பழைய நிலையத்திலேயே தங்கியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து எழுத்துப்பெயர்த்த இன்னொரு விதமாகவும் இருக்கும். திருகோணமலையில் 2004 சுனாமியிலும் 2006 மூதூர் இடப்பெயர்விலும் ஆவணங்களை இழந்து, பிறகு பெற்ற பிரதிகளில் எழுத்து மாறிப்போனவர்கள் இன்றும் இதனால் அலைகிறார்கள்.

விடுபட்ட சம்பள ஏற்றம் ஒன்றின் பாதிப்பை ஒரு கணக்கில் காட்டுகிறேன். உங்கள் கடைசிச் சம்பளத்தில் அதனால் 1,000 ரூபா குறைகிறது என்றும், உங்கள் வீதம் 85 என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 850 ரூபா, வருடத்துக்கு 10,200 ரூபா. நீங்கள் உயிருடன் இருக்கும்வரை இந்தக் குறைவு தொடரும். ஓய்வுபெறும்போது 24 மாத ஓய்வூதியத்தின் அளவில் கிடைக்கும் பணிக்கொடையிலும் ஏறத்தாழ 20,000 ரூபா குறைந்துவிடும்.

பணிக்கொடை பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். அது இனாமன்று. அதைப் பெறுபவருக்கு முதல் 10 ஆண்டுகள் குறைக்கப்பட்ட ஓய்வூதியமே வழங்கப்படும். அதன் பிறகு குறைக்கப்படாத முழு ஓய்வூதியத்துக்கு உயர்த்தப்படும். சேவையில் இருந்தபோது பெற்ற இடர்கடனின் மீதி, அரச விடுதி வாடகை, திருப்பி ஒப்படைக்காத பொருட்களின் பெறுமதி ஆகியன பணிக்கொடையிலிருந்தே கழிக்கப்படும் என்பதால், விடுதியில் இருந்தால் அதை ஒப்படைத்த பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒழுக்காற்று விசாரணை ஏதும் நிலுவையில் இருந்தால் அதை ஓய்வுபெறும் நாளுக்கு முன் முடித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். விசாரணை முடியாமல் ஓய்வுபெறுபவரின் ஓய்வூதியத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ பிரமாணக் குறிப்பின் 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஓய்வூதியம் முழுமையான உரிமையன்று என்று அதன் முதற்பிரிவே கூறுகிறது. கைதி தப்பிச் சென்றார், பூட்டு ஒன்று காணாமற்போனது என்பதற்கெல்லாம் விசாரணை வரக்கூடிய இத்துறையில் இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது.

ஆவணங்களைக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே ஒப்படைத்து, ஒப்படைத்த திகதியைக் கடிதத்தின் பிரதியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நீங்கள் ஓய்வுபெற்றபின் உங்கள் பிரதேச செயலகமே கொடுப்பனவைக் கவனிக்கும். ஆகவே ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 1970 என்ற இலக்கத்தில் திணைக்களத்தை அழைத்துக் கோவையின் நிலையைக் கேட்கலாம்.

கேள்வி: நான் 2018இல் சேர்ந்தேன். நியமனக் கடிதத்தில் ஓய்வூதியம் பற்றிய வசனம் என் மூத்த உத்தியோகத்தர்களின் கடிதத்தில் உள்ளதைப் போல இல்லை. வெளிமாவட்டத்தில் வேலை. இடமாற்றம் கேட்டும் பதில் இல்லை. தொழிற்சங்கம் மூலம் போராடவும் முடியாது என்கிறார்கள். உண்மையா? (வாசகர், மூதூர்)

பதில்: உண்மைதான், தம்பி. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டம் நீதித்துறை, முப்படை, பொலிஸ் ஆகியவற்றோடு சிறைச்சாலை உத்தியோகத்தரையும் தொழிற்சங்கம் அமைப்பதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆசிரியர் சங்கம் சுகவீன விடுமுறைப் போராட்டம் நடத்தலாம். நீங்கள் நடத்தினால் அது ஒழுக்காற்றுக் குற்றம். குரல் கொடுக்கச் சங்கம் இல்லாதவருக்கு எழுத்துமூல முறைப்பாடு ஒன்றே வழி. அதனால் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

இடமாற்றக் கோரிக்கையை உங்கள் அத்தியட்சகர் ஊடாகச் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்துக்கு அனுப்பி, பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்புங்கள். அதன்பின் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். அதன் நடைமுறை விதிகள் இடமாற்றங்களையும் ஒழுங்குபடுத்துகின்றன. ஆணைக்குழுவின் முடிவிலும் திருப்தி இல்லையெனில், 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை இருக்கிறது. சமமாக நடத்தப்படவில்லை என்று கருதினால், சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அதன் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே உண்டு. ஒரு மாதம் என்பது மிக விரைவில் கடந்துவிடும். பேசிப் பார்ப்போம் என்று காத்திருந்து அதைத் தவறவிட்டவர்கள் பலர்.

இவை எல்லாவற்றையும் நீங்கள் தமிழில் எழுதலாம். அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் அந்த உரிமையைத் தருகிறது. சிங்களத்தில் எழுதி வா என்று கோரிக்கையைத் திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரமில்லை. அதேவேளை, சேவையில் உறுதிப்படுத்தப்படுவதற்கும் சம்பள ஏற்றம் தடையின்றிக் கிடைப்பதற்கும் இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சி தேவை. இதை ஒத்திப் போடாதீர்கள். நிலாவெளி வாசகருக்குக் காட்டிய அந்த 850 ரூபாக் கணக்கு உங்களைப் போன்ற இளைஞருக்கே அதிகம் பொருந்தும்.

நியமனக் கடிதத்தைப் பொறுத்தவரை, 2016 ஜனவரி முதல் சேர்ந்தவர்களின் கடிதங்களில் ஓய்வூதியம் பற்றிய வாசகம் மாற்றப்பட்டது. அரசாங்கம் பின்னர் எடுக்கும் கொள்கைத் தீர்மானத்துக்கு அமைய என்ற பொருளில் அது எழுதப்பட்டிருந்தது. உங்கள் கடிதத்தின் அந்தப் பந்தியைக் குறிப்பிட்டு, தற்போது தமக்குப் பொருந்தும் ஓய்வூதிய முறை எது, அதற்குரிய சுற்றறிக்கை எது என்று உங்கள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, வரும் பதிலைக் கோவையில் சேருங்கள். சக ஊழியர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி இருந்துவிட வேண்டாம். இன்னும் பல வருடச் சேவை உங்களுக்கு முன்னால் இருக்கிறது.

கேள்வி: என் கணவர் 14 வருடச் சேவையில், கடமையில் இருந்த காலத்திலேயே மாரடைப்பால் மௌத்தாகிவிட்டார். நிக்காஹ் பதிவில் என் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். இதனால் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். மூன்று பிள்ளைகள். (வாசகி, கிண்ணியா)

பதில்: உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன், சகோதரி. உங்களுக்கு உரித்தானவை இரண்டு. ஒன்று, சேவையில் இறந்தவருக்கான மரணப் பணிக்கொடை. மற்றது, 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இயங்கும் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதியத்தின் ஓய்வூதியம். இரண்டாவது எவரும் இரங்கித் தரும் உதவியன்று. உங்கள் கணவரின் சம்பளத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் கழிக்கப்பட்ட பணத்தின் பயன். அவருடைய பழைய சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள்; அந்தக் கழிவும் பெரும்பாலும் அவருடைய உறுப்புரிமை இலக்கமும் அதில் இருக்கும்.

பெயர் வேறுபாடு உரிமையைப் பறிக்கும் காரணமன்று. இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் இணையுங்கள். அதன் பின்னும் மறுத்தால், எந்த விதியின்கீழ் மறுக்கப்படுகிறது என்பதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். வாய்ச்சொல்லால் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம் பதிவிலேயே இருக்காது. பதிவில் இல்லாததற்கு மேன்முறையீடும் செய்ய முடியாது. ஆகவே அடுத்த முறை பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் இப்போதே சரிபார்த்து வையுங்கள். உங்களுக்கு ஏதும் நேர்ந்தால் 26 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த ஓய்வூதியம் செல்லும். அங்கவீனமுற்ற பிள்ளை இருந்தால் அதனை வைத்தியச் சான்றுடன் முன்கூட்டியே அறிவிப்பது மிக அவசியம்.

இதைப் படிக்கும், இன்னும் சேவையில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயிலில் தாலி கட்டியதோடு திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் உடனே பதிவு செய்து, சான்றிதழை நிதியத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஜெயிலர் நான். வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கப் பிந்தியதால் ஓய்வூதியம் நின்றுவிட்டது. நிலுவை கிடைக்குமா? (வாசகர், கன்னியா)

பதில்: கிடைக்கும், ஐயா. நீங்கள் உயிருடன் இருப்பதைக் காட்டும் அந்தச் சான்றிதழைக் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தி, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியக் கிளையில் ஒப்படையுங்கள். நிறுத்தப்பட்ட மாதங்களுக்குரியதும் சேர்த்து வரவு வைக்கப்படும். நடமாட முடியாத நிலை என்றால் வீட்டுக்கு வந்து உறுதிப்படுத்தும்படி கிராம உத்தியோகத்தரைக் கேட்கலாம். அங்கே செல்லும்போது உங்கள் அக்ரஹார மருத்துவக் காப்புறுதி நடைமுறையில் இருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.